நிரப்பிய குழி

காலையில் அவள் நிரப்பிய குழி, மத்தியானச் சாப்பாட்டை முடித்து வந்து பார்த்தால் வரைபடத்தில் மறுபடியும் திறந்திருந்தது.

நிஜக் குழி ஒன்றும் இல்லை. நானூறு வீடுகள் வரப்போகும் அந்த நிலத்தின் மேடுபள்ளத்தைச் செயற்கைக்கோள் அளந்து அனுப்பும். கணினி அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் காட்டும். ஒரு கட்டம் மட்டும் திடீரென்று தாழ்ந்திருந்தால், அளந்ததில் ஏதோ பிழை என்று வைத்துக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தி நிரப்பிவிடுவார்கள். அப்போதுதான் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குப் போட முடியும். பதினோரு வருஷமாக அவள் நிரப்பிய குழிகள் எத்தனையோ. ஒன்றையாவது நின்று பார்த்திருப்பாளா? எங்கே நேரம்!

கண் எரிந்தது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. 'கட்டத் தகுந்த நிலம்' என்ற அறிக்கை ஐந்து மணிக்குள் போக வேண்டும். மேலாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். சனியன் என்று முனகிக்கொண்டே மறுபடி நிரப்பினாள். குழி அங்கேயே இருந்தது. ஆறு மீட்டர் ஆழம் ஒன்பதாகியிருந்தது.

எதற்கும் கேட்டுவிடலாம் என்று தம்பியைக் கைபேசியில் கூப்பிட்டாள். நிலம் அளக்கும் வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே அவள்தான். அடுத்த மாதம் அவன் மனைவிக்குப் பிரசவம். காலையிலிருந்து அதே நிலத்தில்தான் கருவியோடு அலைந்துகொண்டிருந்தான். இடத்தைச் சொல்லி, போய்ப் பார்க்கச் சொன்னாள். காய்ந்த புல் மிதிபடும் சத்தமும் காற்றின் இரைச்சலும் அவன் மூச்சுமாக அவள் காது நிறைந்தது.

"இங்கதான் நிக்கிறேன்க்கா. குழியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தரை கேரம்போர்டு மாதிரி இருக்கு. நீ போய் ஒரு காபி குடி."

அப்பாடா என்றிருந்தது. அழைப்பைத் துண்டிக்கக்கூட இல்லை, கை பழக்கத்தில் நிரப்பும் பொத்தானை அழுத்திவிட்டது. திரையின் அடியில் பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது. பத்து சதவீதம். இருபது.

"அக்கா, மேலேருந்து யாரோ மண்ணு போடுறாங்க."

விளையாடாதே என்றாள். வெட்டவெளியில் மேலே யார் இருக்கப் போகிறார்கள் என்றாள். காற்றின் இரைச்சல் நின்றுபோயிருந்தது. அவன் இருமியது, நாலு பக்கமும் சுவர் இருப்பதுபோல எதிரொலித்தது. குளிரூட்டிய அந்த அறையில் ஈரமண் வாடை அவள் மூக்கில் ஏறியது.

நிறுத்தும் பொத்தானைத் தட்டினாள். நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினாள். யுபிஎஸ் கத்தியது, திரை அணையவில்லை.

நாற்பது. அறுபது.

"நிறுத்துக்கா. இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு."

அதை அவள்தான் செய்கிறாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எண்பது.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். அவள் திரையைக் காட்டினாள். "இப்ப சமமாயிடுச்சே. அனுப்பிடும்மா," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நூறு.

குழி இல்லை. திரையில் நிலம் முழுவதும் ஒரே பச்சை. அவள் ஒவ்வொரு பொத்தானாகத் தேடினாள். நிரப்ப வழி இருந்தது. தோண்ட வழி இல்லை.

அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. கைபேசியைக் காதோடு அழுத்தினாள். பேச்சு இல்லை. மூச்சு இல்லை. அடியிலிருந்து விரல்கள் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. மெதுவாக. விடாமல்.