தம்பி கொண்டுவந்த வெள்ளைச் சேலை

வாசல் படல் தடாலென்று சரிந்து விழுந்தது. பந்தலில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றின் கையைப் பிடித்தபடி மூச்சிரைக்க நின்றாள் சுப்பாத்தாள்.

மணையில் உட்கார்ந்திருந்த மயிலாத்தாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரே இரவில் காணாமல் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவள் புருஷன் ரத்தினசாமி. இன்னொருத்தி இந்தச் சுப்பாத்தாள். ரத்தினசாமியின் தம்பி செத்தபின் அதே வீட்டில் ஒண்டியிருந்த ஓரகத்தி. கொழிஞ்சாம்பாறை ஊரே இருவரையும் சேர்த்துத்தான் பேசியது. மயிலாத்தாளும் நம்பினாள். இவளுடைய நீளக் கூந்தல், இவள் கடைந்த கொள்ளுப் பருப்பை அவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டது... நினைத்து நினைத்தே வெந்தாள்.

இன்றைய சடங்கும் அதனால்தான். காணாமல் போனவரைச் செத்தவராக வைத்துத் தாலியை இறக்குவதென்று அவளேதான் முடிவு செய்தாள். இன்னொருத்தியோடு வாழ்கிறவனுக்குப் பெண்டாட்டியாக இருப்பதைவிட முண்டச்சியாக இருப்பது மேல். பிறந்த வீட்டுக் கோடியாக வெள்ளைச் சேலையைத் தட்டில் ஏந்தி நின்றான் தம்பி ஆறுமுகசாமி. தாயில்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

"தாலியக் கழட்டாதீங்கக்கா," என்றாள் சுப்பாத்தாள். "மாமா உசுரோட இருக்காருங்க. ஏலக்கா ஏவாரி ஒருத்தர் சொல்லித்தான் இந்தச் சடங்குச் சேதியே தெரிஞ்சுது. மாமாவுக்குக்கூடச் சொல்லாம ஓடியாறேன்."

"ஆறு வருசம் எம்புருசன ஆண்டது பத்தாம, புள்ளையக் காட்டிப்போட்டுப் போலாம்னு வந்தயாக்கும்?"

மயிலாத்தாளின் கண் குழந்தையின் முகத்தைத் துழாவியது. புருஷனின் மூக்கைத் தேடினாள்; இல்லை. ஆனால் அந்த முகவாய்க் குழி அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். எங்கே பார்த்தோம் என்றுகூட யோசிக்கவில்லை.

"என்னையப் பெரியம்மான்னு இது கூப்புட்டுதோ, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

சுப்பாத்தாள் அழவில்லை. வயிற்றில் பிள்ளையோடு கிணற்றில் விழப்போனவளை இழுத்துக் காப்பாற்றி, வண்டன்மேட்டில் ஏலத்தோட்ட வேலைக்குச் சேர்த்துவிட்டவர் ரத்தினசாமி என்றாள். அவள் குடியிருப்பது கூலிக்காரர் லயத்தில். அவர் படுப்பது காய் உலர்த்தும் ஸ்டோரில். ஒரு கூரைக்கடியில் ஒரு நாளும் இருந்ததில்லை.

"அப்பறம் எதுக்கு என்னைய இப்பிடி உட்டுப்போட்டாரு? வந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" மயிலாத்தாளின் குரல் உடைந்தது.

"வந்தா, புள்ளை ஆருதுன்னு கேப்பீங்க. சொன்னா நீங்க உசுர வெச்சிருக்க மாட்டீங்கன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிட்டாரு. அந்த மாசந்தானுங்க உங்க தம்பி கண்ணாலம். அக்காக்காரியா அவரு பக்கத்துல இணைச்சீருக்கு உக்காரோணும்னு நீங்க சேலையெல்லாம் எடுத்து வெச்சிருந்தீங்க..."

தட்டு தரையில் விழுந்து உருண்டது. வெள்ளைச் சேலை மண்ணில் கிடந்தது. குனிந்து எடுக்காமல், யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான் ஆறுமுகசாமி. அவன் முகவாயில் அதே குழி.

மயிலாத்தாளின் கை தாலியை இறுகப் பிடித்துக்கொண்டது. சுப்பாத்தாள் குழந்தையை மெல்ல முன்னால் தள்ளினாள்.

"போ கண்ணு... உங்க அத்தை கால்ல உளுந்து கும்புட்டுக்க."