சிறுத்தை ஏன் அசையவில்லை?

"ஐயோ... செத்துட்டான்!"

சர்மத் போட்ட அலறலில் நிப்ராஸின் கையிலிருந்த தேநீர் சிந்தியது.

"யாரு?!"

"சிறுத்தை! ஏழாவது தடவை!"

செல்போன் துப்பாக்கி விளையாட்டில், 'சிறுத்தை' என்ற பெயரில் ஆடும் ஆள் குப்புறக் கிடந்தான். சுடவில்லை. ஓடவில்லை. மின்கம்பம் மாதிரி நின்றே செத்திருந்தான்!

இராக்கின் மோசுல். ஆகஸ்ட் வெயில். நாலு மணிக்கு இறுதிப் போட்டி. தெரு அணி மூணு வருஷமாக ஏங்கிய போட்டி! சர்மத் தலைவன். அவன் மனைவி நிப்ராஸ் துணைத் தலைவி.

"அவனை அணியிலேருந்து தூக்கிடறேன்."

"பாவம், வேணாம் தலைவரே. நம்ம அணியில கெட்ட வார்த்தை பேசாத ஒரே ஆளு."

"வாய் சுத்தமா இருந்து என்ன பண்ண? நான் என்ன பல் டாக்டரா? யாருன்னே தெரியல. தெரு குரூப்ல லிங்க் போட்டோம், வந்து ஒட்டிக்கிட்டான்!"

அழுத்தினான். சிறுத்தை காலி!

உடனே ஒரு செய்தி...

'சரி தம்பி. நல்லா விளையாடுங்க.'

"பாத்தியா திமிர?"

மூணே முக்கால்...

பட்!

கரெண்ட் போனது. வழக்கம்தான். பத்து செகண்டில் தெரு ஜெனரேட்டர் உறுமும்.

உறுமவில்லை!

ஒரு நிமிஷம்... வைஃபை பெட்டியின் பேட்டரியும் கண்ணை மூடியது.

"சதி! எதிரணி வேலை!"

இருவரும் ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஓடினார்கள்.

கதவு திறந்து கிடந்தது. தரையில்... நீட்டிய இரண்டு கால்கள்! முகத்தில் துணி!

"கொலை!"

துணி விலகியது.

"கத்தாதப்பா. தூங்கறேன்ல?"

ஜெனரேட்டர்காரர் அபூ துர்காம்!

"மாமா! கரெண்ட்டு...?"

அவர் தன் செல்போனை நீட்டினார். திரையில்... சிறுத்தை!

"ஆட்டத்துக்கு நடுவுல கரெண்ட் போகும். உங்க வைஃபை அணையறதுக்குள்ள, போனைக் கீழ வெச்சுட்டு ஓடிப்போய் லீவரை மாத்துவேன். அதுக்குள்ள என்னைச் சுட்டுருவானுங்க. ஏழு தடவை செத்தேன். உங்கள்ல ஒருத்தராவது பாதியில அணைஞ்சு போனீங்களா? இன்னைக்குத்தான் என்னைத் தூக்கிட்டீங்களே, அதான் படுத்துட்டேன்."

சர்மத் அவசரமாகத் தன் போனை எடுத்தான்.

"மன்னிச்சிருங்க மாமா... திரும்பச் சேத்துக்கறேன்!"

"சேரறேன். ஆனா இன்னைக்கு லீவர் உன் பொறுப்பு."

நாலு மணி. அரசாங்கக் கரெண்ட் தலைகாட்டியது. போட்டி ஆரம்பம்!

கொட்டகை பெஞ்சில் அபூ துர்காமும் நிப்ராஸும். லீவர் பக்கத்தில் சர்மத். மூவர் கையிலும் போன்.

அபூ துர்காம் சுட்டார்... ஒன்று! இரண்டு! ஐந்து!

சர்மத் வாயைப் பிளந்தான். இந்த மனுஷனையா தூக்கினேன்?!

பட்!

கரெண்ட் போனது. போனைக் கீழே வைத்தான். லீவரை இழுத்தான். ஜெனரேட்டர் உறுமியது. குனிந்து போனை எடுத்தான்...

செத்திருந்தான்!

பெஞ்சிலிருந்து நிப்ராஸின் குரல்...

"மின்கம்பம் மாதிரி நிக்கறாரு. தூக்கிடலாமா மாமா?"