ஒருவர் மட்டும் திரும்பும் பயணம்

உட்காரச் சொன்ன பிறகும் தையற்கடைக்காரி உட்காரவில்லை. கைப்பையை மேசைமேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். நாளை மறுநாள் காலையில் தன் அக்கா விமானம் ஏறுகிறாள், ஏறினால் உயிரோடு திரும்ப மாட்டாள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

நிதானம் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருக்கக்கூடும். எல்லோருக்கும் அவர் நிதானம்தான். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் க்ளெய்ம்களைத் துருவிக் கண்டுபிடிப்பது அவருடைய பழைய வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஜனங்கள் அவரை விடுவதாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனர் ஒரு வக்கீல். அவரிடம் கறுப்புக் கோட்டு இருந்தது, கட்சிக்காரர்கள்தான் இல்லை. அதனால் அக்காள் புருஷனின் காரியங்களில் மூக்கை நுழைப்பதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு கொல்லப்போறது?" என்றார் வக்கீல், ஆவலை மறைக்காமல்.

"எங்க மாமாதான். அக்காவோட புருஷன்."

நிதானம் நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்தினார். இப்போது உட்கார்ந்தாள். அந்த மாமா ஓய்வு பெற்ற சர்வேயர். நிலம் அளந்து அளந்து வெயிலில் காய்ந்த மனுஷர், வம்புதும்புக்குப் போகாதவர். கொஞ்ச காலமாகவே ஆள் மாறிவிட்டார் என்றாள். படுக்கையறையை விட்டு வெளியேறி, கூடத்துச் சாய்வு நாற்காலியில்தான் இரவைக் கழிக்கிறார். அக்கா சமைத்ததைத் தொடுவதில்லை. தனக்கு மட்டும் தனியாக வேகவைத்துக்கொள்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போய்விட்டு வருகிறார். மாடிப்படியில் பாதியில் நின்று, யாரையோ எதிர்பார்ப்பதுபோல் தெருவையே பார்க்கிறார்.

"முகம் வத்திப் போச்சு, ஆனா இடுப்பு மட்டும் பெருத்துக்கிட்டே போகுது. கால்சட்டையைத் தளர்த்திக் குடுன்னு என்கிட்டயே கொண்டு வர்றார். புதுச் செருப்பு வேற. இந்த வயசுல யாருக்காக இந்த அலங்காரம்?"

வக்கீல் தலையை ஆட்டி ரசித்தார். நிதானம், அக்காவை எப்படி நடத்துகிறார் என்று மட்டும் கேட்டார்.

அதை ஏன் கேட்கிறீர்கள் என்று அவள் பொரிந்து தள்ளினாள். வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகளைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். மகளுக்கு விசாச் சிக்கல். அங்கிருந்து கிளம்பினால் திரும்ப உள்ளே போகமுடியாது. அதனால் இவர்கள்தான் போயாக வேண்டும். மனுஷர் ஒரு துரும்பை நகர்த்துவதில்லை. இரண்டு பேருடைய பாஸ்போர்ட், போக வர டிக்கெட், இன்சூரன்ஸ் காகிதம் எல்லாம் அக்கா கைப்பையில், அவள் பொறுப்பில். வங்கி வாசலைக்கூட மிதிக்காதவளை உட்காரவைத்து, விமானம் எப்படி மாறுவது, டாக்ஸி எப்படிக் கூப்பிடுவது என்று பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல் ஒப்பிக்கச் சொல்கிறாராம்.

"இதையெல்லாம் சண்டைன்னு விட்டுடலாம்" என்றவளின் குரல் இறங்கியது. "டிக்கெட் ஆபீஸ் பொண்ணு என் வாடிக்கை. இன்சூரன்ஸ் எடுக்கறப்ப அவர் கேட்ட கேள்வியைச் சொன்னா. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல."

தையற்கடைக்காரி இருவரையும் கூட்டிப்போன டிக்கெட் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. அதை நடத்தும் பெண் முதலில் சொல்லத் தயங்கினாள். பிறகு, தனக்கும் அது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது என்றாள். ஜனங்கள் பெட்டி தொலைந்தால் என்ன கிடைக்கும், விமானம் தாமதமானால் என்ன கிடைக்கும் என்றுதான் பிடுங்கி எடுப்பார்கள். சர்வேயர் அதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நடைபாதை ஓரமாக, கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கை கேட்டார். இருப்பதிலேயே பெரிய திட்டம் கேட்டார். மனைவி தண்ணீர் வாங்கக் கீழே போன நேரமாகப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் அங்கேயே செத்துட்டா, உடம்பை இங்க கொண்டுவந்து சேர்ப்பாங்களா, மிச்சமிருக்கறவர் உடனே திரும்பி வர டிக்கெட் குடுப்பாங்களான்னு கேட்டார். 'செத்துட்டா'ன்னு அவ்வளவு சாதாரணமா யாரும் கேட்டதில்ல சார்."

வக்கீலுக்குக் கை பரபரத்தது. நிதானம் இன்னொன்றைக் கேட்டார். ஏற்கெனவே ஏதாவது வியாதி உண்டா என்று விசாரித்தீர்களா?

விசாரித்தாளாம். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை என்று அவள் ஆரம்பித்ததுமே, இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடையாது, அடுத்ததைக் கேள் என்று வெட்டிவிட்டாராம்.

நிதானத்தின் முகம் கறுத்தது. அந்தப் பெண்ணையும் கூடவே வரச் சொன்னார். படியிறங்கும்போது வக்கீல் அவர் காதோரம் வந்து, விஷயம் வெட்டவெளிச்சம், போலீசுக்குப் போய்விடலாம் என்றார். ஆபத்து இருப்பது உண்மைதான், ஆனால் போலீஸ் தடுக்கக்கூடிய ஆபத்து இல்லை என்று நிதானம் சொன்னது வக்கீலுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சர்வேயர் வீட்டு வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. ஒன்று பழசு, இன்னும் தேயவில்லை. மற்றது புதுசு, ஒரு அளவு பெரியது. அதன் வாரும் கடைசித் துளைவரை தளர்த்தப்பட்டிருந்தது. நிதானம் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கூடத்தில் கட்டி முடித்த பெட்டிகள் நின்றன. சாய்வு நாற்காலியில் தலையணைகளை அடுக்கி, அவற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் சர்வேயர். எழுந்து வரவேற்க முயன்று, பாதியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகளுக்குப் பிடித்த நிறத்தில் சால்வை கிடைத்த கதையைச் சொன்னாள். இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் சிரிக்கச் சிரிக்கத் தங்கைக்குக் கண் கலங்கியது.

வக்கீலால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. தனிப்படுக்கை, தனிச்சாப்பாடு, புதுச்செருப்பு, டிக்கெட் ஆபீசில் கேட்ட கேள்வி என்று அடுக்கிக்கொண்டே போய், மனைவியை வெளிநாட்டில் தொலைத்துவிட்டுத் தனியாகத் திரும்பத் திட்டமா என்று நேராகவே கேட்டுவிட்டார். மனைவி புருஷனைப் பார்த்தாள். அவர் மறுக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அதைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள்.

"மச்சான் சேர்த்த சாமானெல்லாம் சரி, கட்டின வீடுதான் தப்பு" என்றார் நிதானம். "ஒரு ஆளு தனியாத் திரும்பறதுன்னு முடிவாயிருக்கு, அது வாஸ்தவம். ஆனா திரும்பப்போறது யாரு? கொன்னுட்டு ஓடி வர்றவன் தன்னோட பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் தன் சட்டைப் பையிலதான வெச்சுக்குவான்? இங்க அதெல்லாம் இந்த அம்மா மடியில இருக்கு. விமானம் மாறக் கத்துக்குடுத்தது இவங்களுக்கு. டாக்ஸி கூப்பிடக் கத்துக்குடுத்ததும் இவங்களுக்குத்தான். தனியா வரப்போறது இவங்க."

மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். அவளுக்கு இன்னும் புரியவில்லை. புரிந்துகொள்ள மனம் வரவில்லை என்பதே சரி.

நிதானம் சர்வேயரின் பக்கம் திரும்பினார். குரலில் குற்றம்சாட்டும் தொனி இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"இதயம் பலவீனமானா உடம்புல நீர் கோத்துக்கும். கால் வீங்கும், பழைய செருப்பு நுழையாது. வயிறு உப்பும், முகம் வத்தும். படுத்தா மூச்சு முட்டும், சாய்ஞ்சு உட்கார்ந்துதான் தூங்கணும். உப்பைக் குறைக்கச் சொல்லுவாங்க, அதனால தனிச் சாப்பாடு. நீர் பிரிய மாத்திரை குடுப்பாங்க, அதனால கழிப்பறைப் பக்கத்துல சீட்டு. நாளெல்லாம் நிலத்துல நடந்த மனுஷன் மாடிப்படியில நிக்கறது தெருவைப் பார்க்க இல்ல, மூச்சு வாங்க. எந்த டாக்டர்கிட்டப் போய்ட்டு வர்றீங்க, சர்வேயர் சார்?"

சர்வேயர் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். டாக்டர் விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டதையும் சொன்னார். சொன்னால் மனைவி போகவிடமாட்டாள். மகளுக்குத் தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாள், பிறகு அவள் வாழ்க்கை என்ன ஆவது? போய் ஒரு தடவை கண்ணாரப் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தாராம். அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் இவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் இருப்பதிலேயே பெரிய இன்சூரன்ஸ்.

"அங்கதான் நீங்க இவங்களைக் கொல்லப் பார்த்தீங்க" என்றார் நிதானம்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"நான் இந்த வேலையில இருந்தப்ப, வெளிநாட்டுல ஒரு சாவுன்னு தகவல் வந்தா முதல்ல போறது இறந்தவரோட பழைய ஆஸ்பத்திரிக்குத்தான். வியாதியை மறைச்சது தெரிஞ்சா மொத்தமும் தள்ளுபடி. ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது, உடம்பைக் கொண்டுவர்றது கிடையாது, இவங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. எத்தனையோ குடும்பத்துக்கு அந்தக் கடிதத்தை நானே எழுதியிருக்கேன். எவ்வளவு பெரிய திட்டமா இருந்தா என்ன? அந்தக் கேள்விக்கு நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்ன நிமிஷமே அது வெறும் காகிதம்."

டிக்கெட் ஆபீஸ் பெண் மெதுவாக வாய் திறந்தாள். உண்மையைச் சொல்லி, டாக்டரிடம் சான்றிதழ் வாங்கினால், இதயக்கோளாறு உள்ளவர்களை ஏற்கும் திட்டங்களும் உண்டு என்றாள். ஆனால் டாக்டரே கூடாது என்று சொன்னவருக்கு யாரும் தரமாட்டார்கள். அதைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். நிதானத்துக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. முடிச்சை அவிழ்த்தாயிற்று, அவிழ்த்ததில் ஒருத்தருக்கும் நிம்மதி இல்லை.

மனைவி அழவில்லை. கைப்பையைக் கீழே வைத்தாள். "பாஷை தெரியாத ஊர்ல, உங்களைப் பக்கத்துல போட்டுக்கிட்டு, அந்த ஜனங்ககிட்ட நான் என்னன்னு சொல்லியிருப்பேன்?"

அவள் எழுந்து போனை எடுத்து, மகளின் எண்ணைப் போட்டு, அவர் கையில் திணித்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் விடவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

அவர் சொன்னார். தடுமாறித் தடுமாறி, நடுநடுவே மூச்சு வாங்கி, நாளை மறுநாள் வரப்போவதில்லை என்றும் ஏன் என்றும் சொன்னார். மகள் பேசியது போனுக்கு வெளியேயும் கேட்டது. விசா போனால் போகட்டும், கிளம்பி வருகிறேன் என்றாள். அவர் எதிலிருந்து அவளைக் காப்பாற்ற நினைத்தாரோ, அதுவே நடந்துவிட்டது.

"டாக்டர் எவ்வளவு நாள் சொல்லியிருக்கார்ப்பா? நான் வர்றவரைக்கும் இருப்பீங்களா?"

சர்வேயர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"அதை மட்டும் நான் கேக்கலம்மா" என்றார். "கேக்கப் பயமா இருந்துச்சு."

மனைவி போனைத் தன் கையில் வாங்கி, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, இன்றைக்குக் கிளம்பினால் எந்த விமானம் கிடைக்கும் என்று மகளிடம் கேட்கத் தொடங்கினாள்.