பச்சை மையில் போட்ட கையெழுத்து

ஒரு மணி நேரத் தூக்கத்தின் விலை இரண்டு லிட்டர் டீசல் காசு. மூன்றில் தொடங்கிய பேரத்தை இரண்டில் படியவைத்தவன் நான்தான்.

சரக்கு வண்டிகளை அனுப்பும் அலுவலகத்தில் நான் கிளார்க். மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணயர வேண்டும், தூங்கியதற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. எங்கள் பழக்கம் வேறு. ஒன்றாம் தேதி காலையிலேயே மாதம் முழுவதற்கும் கையெழுத்து வாங்கிவிடுவேன். தூங்காமல் ஓட்டுகிறவனுக்கு டீசல் காசு. சரக்கு முன்னதாகப் போய்ச் சேரும், முதலாளிக்கு வாயெல்லாம் பல். யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வருடம் அப்படி ஓட்டியவர் 'கூலிங்கிளாஸ்'. சிவந்த கண்ணை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டதால் வந்த பெயர். பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார்.

"என் தூக்கத்த மொத்த வெலைக்கு வாங்குறீங்க சார். ஒரு நாள் சில்லறையா திருப்பிக் கேப்பேன்" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

ஒன்பதாம் தேதி மதியம் இரண்டு இருபதுக்கு, பிரேக்கைத் தொடாமலே ஓடையில் இறங்கினார். வண்டிக்குப் பெரிய சேதமில்லை. அவர்தான் பிழைக்கவில்லை.

மாதக் கடைசிவரை அவர் கையெழுத்து பதிவேட்டில் கிடந்தது. கோடு போட்டு அடித்தால் கேள்வி வரும். விட்டுவிட்டேன்.

இருபத்தொன்றாம் தேதி அதே வண்டி பழுது பார்த்து வந்தது. என் மனைவியின் தம்பி சாவியை வாங்கினான். வேலைக்குச் சேர்ந்து நான்கே நாள்.

"தூங்காம ஓட்டுனா எவ்ளோ மாமா?"

"ஒன்றரை லிட்டர்."

"மச்சான்னுகூட பாக்காம அடிமாட்டு வெல பேசறீங்களே! இருங்க, அக்காகிட்ட சொல்றேன்."

மதியம் இரண்டுக்கு அவனே ஓட்டிக்கொண்டே வண்டி ஸ்பீக்கர்போனில் கூப்பிட்டான். பின்னால் ஏதோ விடாமல் 'பீப், பீப்' என்றது.

"மாமா, பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி கத்துது."

"சீட்டுல என்ன வச்சிருக்க?"

"ஒண்ணுமே இல்ல."

"கோளாறா இருக்கும். சும்மா மாட்டி விட்டுடு."

'டக்' என்றது. சத்தம் நின்றது.

அந்த அமைதியில், நிதானமாக, ஒரு குறட்டை.

"டேய், நீயாடா?"

"நான் முழிச்சுதான் இருக்கேன் மாமா." அவன் குரல் இறங்கியிருந்தது. "அந்த பெல்ட்டு... உள்ள யாரோ இருக்கற மாதிரி பொடச்சுக்கிட்டு இருக்கு."

பதிவேட்டைப் புரட்டினேன். இருபத்தொன்று. பச்சைக் கையெழுத்தின்மேல் விரலை வைத்தேன்.

ஈரம்.

"வண்டிய ஓரங்கட்டு! இப்பவே!"

"கால் சொன்ன பேச்சு கேக்கல... சொகமா இருக்கு மாமா..."

என் மேசை மேலிருந்த ஜி.பி.எஸ். திரையில் அவன் வண்டி ஒரு சிறு புள்ளியாக ஓடியது. வேகம் எண்பது. எண்பத்தைந்து. என்னிடம் இருந்தது வாய் மட்டும்தான்.

"மூணு லிட்டர் தர்றேன்டா, நிறுத்து! அஞ்சு! பத்து!"

குறட்டை நின்றது. பழகிய குரல் ஒன்று கிசுகிசுத்தது.

"சத்தம் போடாதீங்க சார். இது நான் தூங்கற நேரம்."

இரண்டு இருபதுக்குப் புள்ளி அசையாமல் நின்றது.

வயல் சேற்றில் புதைந்த வண்டியிலிருந்து அவனை ஒரு கீறலும் இல்லாமல் எடுத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு நாள் தாண்டியும் தூங்குகிறான். மூக்கில் குழாய். ஸ்கேனில் ஒன்றுமில்லை. குறட்டை மட்டும் அவனுடையதல்ல.

வார்டு நாற்காலியில், மூன்று வருடப் பதிவேடுகளும் என் மடியில். முதல் நாள் கையெழுத்திலிருந்து, மணிக்கு ஒன்றாக, பச்சைக் கோடு விழுந்து அடிபட்டு வருகிறது. நான் பேனாவைத் தொடவே இல்லை.

"எப்பங்க முழிப்பான்?" என்கிறாள் மனைவி. இப்படியே போனால் உடம்பு இன்னும் பத்து நாள்தான் தாங்கும் என்றார் டாக்டர். நான் கணக்குப் போட்டேன்.

கூலிங்கிளாஸிடம் நான் வாங்கிய தூக்கம் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மணி. அவன் தூங்கித் தீர்த்தது நாற்பத்தொன்பது. பத்து நாள் தாங்கினால் இன்னும் இருநூற்று நாற்பது. பாக்கி அறுநூற்று இருபத்து மூன்று.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே அதே எண், காயாத பச்சை மையில். எதிரே என் பெயர்.