ஆறுதலாகச் சொன்ன பதில்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் அடைமழை. சென்னைப் பேருந்திலிருந்து இறங்கிய துஷ்யந்தி பெட்டியை இழுத்துக்கொண்டு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினாள். அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றிருந்தான். கையில் ஒரு அட்டை. உதடுகள் மட்டும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தன.

"வெல்கம் மேடம்... ஐ யாம் கமலக்கண்ணன்... ஹவ் வாஸ் யுவர் ஜர்னி..."

துஷ்யந்தி அட்டையை எட்டிப் பார்த்தாள். கொட்டை எழுத்தில், 'மிஸ் டஸ்டி ஆண்டனி.'

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. வெளிநாட்டு மேடம் ஒருத்தவங்க வர்றாங்க. நீங்க அட்டையை மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க" என்றான் அவன்.

அம்மாவா? இருபத்தெட்டு வயதில் அம்மாவா! அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பெயர்... டஸ்டி ஆண்டனி... டுஷ்டியாந்தனி... துஷ்யந்தி! அட கடவுளே!

"அந்த மேடம் எங்க தங்கப் போறா?"

"எங்க வீட்லதாங்க. ஆறு மாசம். ட்ரஸ்ட்ல பொண்ணுங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வர்றாங்க. செம்பட்ட முடியா இருப்பாங்கன்னு நெனைக்கறேன். எங்கம்மா காரமில்லாம கொழம்பு வெச்சுட்டு ஒக்காந்திருக்குது."

"என்ர தலைமயிர் கறுப்பு. உறைப்பும் நல்லாச் சாப்பிடுவன். நான்தான் துஷ்யந்தி. யாழ்ப்பாணம் சாவகச்சேரியில இருந்து வாறன்."

அவன் திரும்பினான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். மழைத்துளி ஒன்று அவன் புருவத்திலிருந்து வழிந்து கன்னத்தில் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"நீங்க... தமிழ் பேசறீங்க?"

"ஏன், வெளிநாட்டில இருந்து வந்தால் தமிழ் கதைக்கக் கூடாதோ?"

மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலமெல்லாம் போயே போய்விட்டது. காது மடல் சிவக்க அவன் சிரித்தான். பெரிய கண்கள்... சிரிக்கும்போது அப்படியே சுருங்கிப் போகிற கண்கள். 'துஷ்யந்தி, நீ படிப்பிக்க வந்தனி... கவனம்' என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வேண்டி வந்ததே, அதுவே கோளாறுதான்.

துஷ்யந்தியை ஓரிடத்தில் உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. மாலத்தீவில் இரண்டு வருடம், ஓமானில் ஒரு வருடம், பிறகு தாய்லாந்து. ஒப்பந்தம் முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே கால் பரபரக்கத் தொடங்கிவிடும். உண்பது அவசரம், நடப்பது அவசரம், பேச்சும் அவசரம். "கெதியா, கெதியா" என்பதுதான் அவள் வாயில் எப்போதும்.

காவேரிப்பட்டணம் சாலையில் இருந்த அந்த வீட்டிலோ யாருக்கும் அவசரமில்லை. கமலக்கண்ணனின் அப்பா கோவிந்தப்பன் ஒரு டம்ளர் காபியை அரைமணி நேரம் குடிப்பார். அம்மா சரோஜம்மாள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் துஷ்யந்தி "ஓம்" "ஓம்" என்று பதில் சொன்னாள். "சாப்டியா கண்ணு?" "ஓம்." "தூங்கினியா?" "ஓம்." மூன்று நாள் பொறுத்த சரோஜம்மாள் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டாள், "டீச்சரம்மாவுக்கு சாமி பக்தி ஜாஸ்தி. வாயத் தெறந்தா மந்திரந்தான்."

வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "ஓம் எண்டால் ஆமாம் எண்டு அர்த்தம் அம்மா" என்று துஷ்யந்தி விளக்கினாள்.

ஓசூர்க் கம்பெனிகளில் நேர்காணலுக்குப் போகக் காத்திருந்த பெண்கள்தான் அவளுடைய மாணவிகள். அஞ்செட்டியிலிருந்து வரும் பூங்கொடி முதல் நாளே எழுந்து, "மை வில்லேஜ் ஒன் பஸ் ஒன்லி மேடம். பஸ் நாட் கம், ஐ நாட் கம்" என்றாள். எவ்வளவு தெளிவான ஆங்கிலம்! துஷ்யந்திக்கு அந்தப் பெண்களைப் பிடித்துப்போயிற்று.

பிடித்துப்போனவை அத்தோடு நின்றனவா? கமலக்கண்ணன் மாம்பழக்கூழ் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். வேலை முடிந்து வரும் வழியில் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான். வழியெல்லாம் வம்புதான்.

"எங்கட கறுத்தக்கொழும்பானுக்குக் கிட்ட வருமோ உங்கட மாம்பழம்?"

"பேரே அடியாள் பேர் மாதிரி இருக்குதுங்க. எங்க செந்தூராவைத் தின்னு பாத்துட்டுப் பேசுங்க."

"தின்னாமலே சொல்லுவன்."

"வாத்தியாரம்மா இப்பிடிப் பொய் பேசலாங்களா?"

அவள் சிரிப்பாள். அவன் வண்டிக் கண்ணாடியைத் திருப்பி வைத்து அந்தச் சிரிப்பைத் திருடுவான். அவளுக்கும் அது தெரியும்... தெரியாததுபோல் வானத்தைப் பார்ப்பாள்.

மார்ச் கடைசி வாரம் அணைக்கட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினான். தண்ணீரைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"மே மாசம் நீங்க போகாம... இங்கயே இருந்துட்டா என்னாங்க?"

"ட்ரஸ்ட்டில வேலை முடியுதே."

"டீச்சரா இல்லீங்க..." தொண்டையைச் செருமிக்கொண்டான். "எங்க வீட்டு மருமகளா..."

 துஷ்யந்திக்கு ஆம் என்று அந்த நிமிடமே கத்திவிடலாம் போலிருந்தது. வாழ்க்கை முழுக்க அப்படித்தானே... அவசரமாய் ஒப்புக்கொண்டு, அவசரமாய்க் கிளம்பி. இது அப்படிப் போகக்கூடாது. ஊரிலிருக்கும் அம்மாவிடம் கதைக்க வேண்டும். தன் பரபரத்த கால்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இவனுக்குச் சொல்லும் பதில் ஆயுசுக்கும் நிற்க வேண்டும். அதனால்தான், பிறந்ததிலிருந்து எதற்கும் அவகாசம் கேட்காதவள், முதல்முறையாகக் கேட்டாள்.

"கண்ணன்... நான் ஆறுதலாச் சொல்லுறன்."

அவன் முகம் சட்டென்று வாடிப்போயிற்று.

"ஆறுதலெல்லாம் எனக்கு வேணாங்க."

"வேண்டாமோ?"

"வேணாங்க. பளிச்சுனு சொல்லிட்டாப் போதும்."

என்ன மனுசன் இவன்! கேட்டு ஒரு நிமிடம் ஆகவில்லை. கலியாணம் என்றால் கடையில் சோடா கேட்பது மாதிரியா? அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அப்பிடியெண்டால் என்னட்ட ஒண்டும் கேளாதேங்கோ."

அவன் வண்டியைக் கிளப்பினான். வண்டிக் கண்ணாடி மறுபக்கம் திரும்பியிருந்தது.

மறுநாளிலிருந்து அவன் விடியுமுன்பே ஆலைக்குக் கிளம்பினான். கேட்டால், சீசனாம். பேருந்தில் வரச் சொல்லிவிட்டான். எதிரே வந்தால், "நல்லாருக்கீங்களாங்க" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் ஒரு கேள்வி. அந்த 'ங்க' அவளைக் குத்தியது.

போகட்டும்! எனக்கென்ன! மாலத்தீவுப் பள்ளியிலிருந்து மறுபடி அழைத்தார்கள், உடனே சரியென்று எழுதிவிட்டாள். ஆனால் இந்தமுறை கால் பரபரக்கவில்லை... மனசுதான் பரபரத்தது. மொட்டைமாடியில் மேலும் கீழும் நடந்தாள். புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்தாள், அவன் நிமிர்ந்தே பார்க்காமல் உள்ளே போனதும் உட்கார்ந்தாள். சனியன் பிடித்த மனசு, ஓரிடத்தில் நின்றால்தானே!

கிளம்பும் நாளும் வந்தது. நாலு மணிக்குப் பெங்களூர் விமான நிலையத்துக்குக் கார். நண்பகலில் திடீரென்று வானம் இருட்டி ஆலங்கட்டி மழை அடித்துத் தீர்த்தது. தகரக் கூரையில் கல்லெறிந்த மாதிரி சத்தம். மழை விட்டதும் சரோஜம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பினாள்.

"கெம்பம்மா தோப்புல காயெல்லாம் கொட்டிப்போச்சாம் கண்ணு. தலையில கைய வெச்சுட்டு ஒக்காந்திருக்காளாம். ஆறுதலா நாலு வார்த்த சொல்லிட்டு ஓடியாந்தர்றேன்."

துஷ்யந்தி பெட்டியை மூடிக்கொண்டே கேட்டாள், "ஆறுதலாச் சொன்னால் எப்பிடியம்மா ஓடி வாறது? நேரமாகுமே?"

"நாலு வார்த்த சொல்றதுக்கு என்னாத்துக்கு நேரம்?"

"ஆறுதலா எண்டால்... மெதுவா, நேரமெடுத்து எண்டுதானே?"

சரோஜம்மாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். "நல்லாருக்குது போ! இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, மனசத் தேத்திக்கன்னு சொல்றதுதான் ஆறுதலு."

அந்த அர்த்தம் சாவகச்சேரியிலும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்று அணைக்கட்டில்... 'நான் ஆறுதலாச் சொல்லுறன்'... அவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? இனி ஒன்றும் செய்ய முடியாது, மனதைத் தேற்றிக்கொள்! ஐயோ... ஐயோ! ஆறு மாதத்தில் அவளுடைய ஓமையும் கெதியையும் இந்த வீடு பழகிவிட்டது. ஆறுதலாக அவள் எதையும் செய்திருந்தாலல்லவா அந்தச் சொல்லைப் பழகியிருக்கும்!

"கண்ணன் எங்க அம்மா?"

"நம்ம தோப்புல காய் பொறுக்கறான். நீ கெளம்பறதப் பாக்கமாட்டானாம். ஒரு வாரமா சோறு திங்கறதில்ல, மூஞ்சியப் பாக்க முடியல... கண்ணு! செருப்பு போட்டுட்டுப் போ! சேறு!"

அவள் ஓடிவிட்டாள்.

தோப்பில் தரை முழுக்க இலையும் பிஞ்சும் ஆலங்கட்டியும். குனிந்து கூடையில் காய்களைப் போட்டுக்கொண்டிருந்தவன், முழங்கால் வரை சேறும் மேல்மூச்சுமாக வந்து நின்றவளைப் பார்த்து நிமிர்ந்தான்.

"காரு வந்துருச்சுங்களா?"

"கார் கிடக்கட்டும். அண்டைக்கு நான் என்ன சொன்னனான்?"

"எதுக்குங்க இப்ப அது?"

"சொல்லுங்கோ!"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஆறுதலா சொல்றேன்னீங்க. நேரா முடியாதுன்னு சொல்லியிருந்தாக்கூட தாங்கியிருப்பேங்க. பாவம் பையன்னு ஆறுதல் சொல்ல வந்தீங்க பாருங்க... அதான் தாங்கல."

"விசரன்! ஆறுதலா எண்டால் எங்கட ஊரில நிதானமா எண்டு அர்த்தம். கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுறன் எண்டுதான் கேட்டனான். நீங்கள் அவகாசமெல்லாம் தரமாட்டன் எண்டு சொன்னனீங்கள்!"

"நானு? நான் எப்பங்க அப்பிடி..." பாதியில் நின்றுவிட்டது. கையிலிருந்த காய் நழுவி விழுந்தது. "அப்ப... முடியாதுன்னு சொல்லலையா?"

"இல்லை."

"அஞ்சு வாரங்க... அஞ்சு வாரம் பைத்தியக்காரன் மாதிரி..."

"நானும்தான்."

மாங்கிளையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவன் மெதுவாகச் சொன்னான், "சரிங்க... எவ்வளவு நாள் வேணுமோ யோசிங்க. மாலத்தீவுல இருந்துகூட சொல்லுங்க. நான் காத்திருக்கறேன்."

துஷ்யந்திக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"மூண்டு நாட்டில படிப்பிச்சிருக்கிறன் கண்ணன். ஒரு இடத்தை விட்டுப் போகேக்கையும் நான் அழேல்லை. இண்டைக்குக் காலமை பெட்டி அடுக்கேக்க அழுதனான். மாலத்தீவுக்கு வரேல்லை எண்டு எழுதிப் போடுறன். அம்மாவிட்டயும் சொல்லிப் போடுறன்." மூச்சை இழுத்துவிட்டாள். "எனக்கு உங்களில விருப்பம்."

அவன் அவளையே பார்த்தான். சந்தோஷம் கண் வரைக்கும் வந்துவிட்டு, அங்கேயே தயங்கி நின்றது.

"விருப்பம்னா... உங்க ஊர்ல என்னா அர்த்தங்க? ஒரு தடவை மோசம் போனது போதும்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. சேற்றுக் கையோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கட ஊரில என்ன அர்த்தமோ... அதேதான்."