இரண்டு சுற்றுக்கு நடுவே

நிலவுக் குடியிருப்பில் குலுக்கல் நாளன்றும் இட்லி கல்லாகத்தான் இருந்தது. சாப்பிட்டபடியே ஆளுக்கொரு ரகசிய எண்ணைக் கைத்திரையில் பூட்டினோம். அது முதல் சுற்று. இரண்டாவது சுற்றில் பூட்டைத் திறக்க வேண்டும். எண்களின் கூட்டுத்தொகை யார் பெயரில் விழுகிறதோ, அவருக்குப் பூமிக் கப்பலில் அந்த வருடத்தின் ஒரே இருக்கை. அதை வேறொருவருக்கு மாற்றித் தர முடியாது. இந்த நெறிமுறையைக் கட்டிக் காப்பது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

யாருக்குத் தேவை அதிகம் என்று பேசிப் பார்த்த காலத்தில் அடிதடியே நடந்தது. அதனால் இங்கே யாரும் காரணம் சொல்வதில்லை. உடல்நிலைக்குக்கூட வெளிக்காட்டா மெய்ப்புதான்: பயணத்தைத் தாங்குவேன் என்று கணிதத்தால் நிரூபித்தால் போதும், என்ன நோய் என்று காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் கண் என்று ஒன்று இருக்கிறதே. கிடங்கில் வேலை பார்க்கும் மீரான் பாய் கைப்பிடியை விடாமல் நடந்தார். நிலவின் குறைந்த ஈர்ப்பில் அவர் எலும்பு கரைந்துகொண்டிருந்தது. இந்தக் கப்பலை விட்டால் அவர் பூமியை மறந்துவிட வேண்டியதுதான்.

எல்லோரும் திறந்துவிட்டார்கள். பம்பு அறையிலிருந்து தாமதமாக வந்த சகாயராணி மட்டும் பாக்கி. கடைசியாகத் திறப்பவருக்கு ஒரு வசதி உண்டு. தான் திறந்தால் யாருக்கு, திறக்காவிட்டால் யாருக்கு என்று கணக்குப் போட்டுவிடலாம். அதனால்தான் திறக்காதவரின் பெயர் குலுக்கலிலிருந்தே நிரந்தரமாக நீங்கும் என்று விதி வைத்தேன். தனக்கு லாபம் இல்லாமல் யார் ஏமாற்றப் போகிறார்கள்?

சகாயராணி திறக்கவில்லை. அவள் எண்ணைத் தள்ளிவிட்டுக் கூட்டியதில் இருக்கை மீரான் பாய்க்கு விழுந்தது.

கூடத்தில் ஒரே கூச்சல். யாருடைய இருக்கையைப் பறித்தாள் என்று கேட்டார்கள். அவள் ஒரு வெளிக்காட்டா மெய்ப்பை அனுப்பினாள். பூட்டிய எண்ணைக் காட்டாமலே அது ஒன்றை நிரூபித்தது: அவள் திறக்காததால் வேறு எவரும் இருக்கையை இழக்கவில்லை. சரிபார்த்தேன், பிசகே இல்லை. தங்களுக்கு நட்டமில்லை என்று தெரிந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. திறந்தாலும் பாய்க்கே விழும் என்றிருந்தால் அவள் திறந்திருப்பாள். வேறு எவரும் இழக்கவில்லை என்றால் மிஞ்சுவது ஒரே பெயர். பம்பு அறைக்கு ஓடினேன்.

"அது உன் இருக்கைதானே, சகாயம்?"

அவள் திருகிக்கொண்டிருந்த மரையை விடவில்லை. "யாருக்கும் நட்டமில்லன்னு காட்டியாச்சுல்லா அக்கா. அதுக்கு மேல கேக்காதிய. பாய்க்குத் தெரிஞ்சா கப்பல் ஏற மாட்டாவ."

இனி அவள் ஊர் திரும்பவே முடியாது. எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் நிர்வாகக் குழு என்னைக் கூப்பிட்டது. இனி யாரும் திறக்காமல் விட வழியே இருக்கக் கூடாதாம். நான் ஆசை ஆசையாய் உருவாக்கி வைத்திருந்த ஒற்றைச் சுற்று முறையை உடனே நிறுவச் சொன்னார்கள். அதில் பூட்டிய கையோடு முடிவு வந்துவிடும்; நடுவே யோசிக்க யாருக்கும் இடமில்லை. அதில் ஒரு பழுது இருக்கிறது என்றேன். என்ன பழுது, நிரூபித்துக் காட்டு என்றார்கள்.

காட்டினால் சகாயம் விட்டுக்கொடுத்தது பாய் காதுக்குப் போய்விடும். காட்ட முடியாது என்றேன். யார் வார்த்தையையும் நம்ப வேண்டாத உலகத்தைக் கட்டிய நான், என் வார்த்தையை நம்பச் சொல்லி அவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.