இருபத்தெட்டாவது மாதம்

கடுகுக்குப் பத்து வயது. ஆள் சிறியது, வாய் பெரியது என்பதால் அக்கா வைத்த பெயர் அது. ஆனால் ஒரு வாரமாக அந்த வாய் பூட்டிக் கிடந்தது.

காரணம், மின்னஞ்சலில் வந்து, அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த ஒரு கடிதம். அக்கா கல்லூரியில் சர்வதேச வணிகம் கடைசி வருடம் படிக்கிறாள். கடல் தாண்டி இருக்கும் ஒரு கப்பல் கம்பெனி அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேசுவார்கள். தேறிவிட்டால் மூன்று வருடம் அங்கேதான்.

"இந்தப் படிப்புக்கு இங்க வேலையே இல்லையாக்கா?"

"இருக்கே. ஏற்றுமதி கம்பெனி, பேங்க், சுங்க ஆபீஸ், எல்லாம் இருக்கு. ஆனா எந்தச் சரக்கு எந்தக் கப்பல்ல எப்போ போகணும்னு திட்டம் போடறதுதான் எனக்குப் பிடிச்சது. அதை அங்க நல்லா கத்துக்கலாம்."

சொல்லும்போதே அக்காவின் முகம் மலர்ந்தது. கடுகு தன் சடை நுனியைத் திருகினாள். அம்மா விடிந்ததும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுவாள். சடை பின்னுவதற்கும் சண்டை போடுவதற்கும் அக்காதான்.

மே ஐந்தாம் தேதி மாலை, அக்கா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா கேள்வி பதில் எழுதி வைத்திருந்த அட்டையைப் பார்த்துக் கடுகு கேள்வி கேட்டாள்.

"வெளிநாட்டுக் கடிதத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?"

"தேதியை. சில நாடுகள்ல மாசத்தை முன்னாடி எழுதுவாங்க, நாளைப் பின்னாடி எழுதுவாங்க."

பதில் சொல்லிவிட்டு அக்கா பால் வாங்கக் கீழே போனாள்.

கடுகு சும்மா அந்தக் கடிதத்தைப் பார்த்தாள். நேர்காணல் 5/6 என்று இருந்தது. அக்கா காலண்டரில் ஜூன் ஐந்தை வட்டமிட்டிருந்தாள். கடிதத்தின் தலையில் அது எழுதப்பட்ட தேதி, 4/28.

இருபத்தெட்டாவது மாதம் எந்த ஊரிலும் கிடையாது. அப்படியானால் அது ஏப்ரல் இருபத்தெட்டு. அப்படியானால் 5/6 என்பது மே ஆறு. நாளைக்கு!

ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

கடுகு கட்டிலில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்காவிட்டால் போதும், அக்கா எங்கும் போக மாட்டாள். யாருக்கும் தெரியாது.

அக்கா பாட்டு முணுமுணுத்தபடி வந்தாள். போகிற போக்கில் கடிதத்தின் சுருண்ட மூலையை நீவிவிட்டாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அதை நீவுவாள்.

கடுகுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டி அழற?"

"நேர்காணல் நாளைக்குக்கா. மேல இருக்கற தேதியைப் பாரு."

அக்கா பார்த்தாள். ஓடிப்போய் காலண்டரில் ஜூன் ஐந்தை அடித்துவிட்டு மே ஆறை வட்டமிட்டாள்.

மறுநாள் நேர்காணல் நல்லபடியாக நடந்தது. வேலையும் கிடைத்தது.

கிளம்பும் நாள் காலையில் அக்கா கடைசியாகச் சடை பின்னினாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் இங்கயே இருந்திருப்பேன், தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி சொன்ன?"

"நீ அழுதிருப்பியே."

அக்கா அப்போதும்தான் அழுதாள். அதனால் சடை கோணலாகிவிட்டது. கடுகு அதை இரண்டு நாள் அவிழ்க்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. கடைசி வரியில், "லீவுக்கு வரேன். டிசம்பர் மாசம் பத்தாம் தேதி" என்று எண்ணே இல்லாமல் முழுசாக எழுதியிருந்தாள்.

கடுகு காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டாள். பிறகு கடிதத்தை அலமாரிக் கதவில் ஒட்டி, மூலையை நீவிவிட்டாள்.